அடிப்பதற்கு முன் நோக்கத்தை எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயங்கரவாதத்துக்கு இடம் கொடுக்கும் நாட்டுக்கு ராணுவ அடி ஒன்றுதான் புரியும் என்று வாதிட்டு, சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் கோபம் எனக்கும் உண்டு. சுற்றுலா போன இடத்தில் மனைவியின் கண் முன்னால் கணவனைச் சுட்டுக் கொன்ற செய்தியைப் படித்துவிட்டு என்னாலும் அமைதியாக உட்கார முடியவில்லை. நான் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, பெரும்பகுதி காலத்தைக் கண்ணிவெடி வேலையில் கழித்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன். படையை எடுக்கவே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரை முழுவதும் தேடியும் ஒரு விஷயம் எனக்குக் கிடைக்கவில்லை. அடித்த பிறகு என்ன நடந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்? அதை யார் சொல்வது? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராணுவத்தில் பத்துப் பேர் போகும் ரோந்துக்குக்கூட கட்டளை சொல்ல ஒரு வரிசை உண்டு. முதலில் எதிரி நிலவரம், அடுத்து நோக்கம், அப்புறம் செய்யும் முறை, நிர்வாகம், தகவல் தொடர்பு. எங்கள் அதிகாரிகள் நோக்கத்தை மட்டும் இரண்டு முறை சொல்வார்கள். அதைத் திருப்பிச் சொல்லத் தெரியாதவனை ரோந்துக்கு அனுப்ப மாட்டார்கள். 'இன்று இரவு மூன்று மணிக்குள் இந்தப் பாலத்தைத் தகர்க்க வேண்டும்' என்பது நோக்கம். 'எதிரிக்குப் பாடம் கற்பிக்க வேண்டும்' என்று எனக்கு ஒரு கட்டளையும் வந்ததில்லை. வந்திருந்தால், திரும்பி வந்து என்ன அறிக்கை கொடுத்திருப்பேன்? பத்துப் பேருக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, லட்சக்கணக்கானவர்களை நகர்த்தும்போது அரசுகளிடம் இல்லாமல் போகிறது. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2001 டிசம்பர் 13 அன்று நம் நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. சில நாட்களிலேயே ஆபரேஷன் பராக்ரம் தொடங்கியது. ஏறத்தாழ ஐந்து லட்சம் வீரர்களை எல்லைக்கு நகர்த்தினார்கள். அவர்களில் நானும் ஒருவன். உள்நாட்டு முகாம்களில் இருந்த தாக்குதல் படைகள் எல்லைக்கு வந்து சேரவே மூன்று வாரம் போலப் பிடித்தது. அதற்குள் வெளிநாட்டுத் தலைவர்கள் தில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் வந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். 2002 ஜனவரி 12 அன்று பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் தொலைக்காட்சியில் பேசினார், லஷ்கர், ஜெய்ஷ் என்ற பயங்கரவாத அமைப்புகளுக்குத் தடை என்று அறிவித்தார். நோக்கம் நிறைவேறிவிட்டது என்றால் அன்றைக்கு நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். நிறைவேறவில்லை என்றால் முன்னேறியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. மே 14 அன்று ஜம்முவுக்குப் பக்கத்தில் காலுசக் ராணுவக் குடியிருப்புக்குள் புகுந்து, வீரர்களின் மனைவி, குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். எல்லையில் ஐந்து லட்சம் பேர் நின்றுகொண்டிருக்கும்போதே அது நடந்தது. அப்போதும் அதே இடத்தில் நின்றோம். அக்டோபரில் திரும்பச் சொன்னார்கள்.

எங்களுக்குக் கொடுத்த வேலை கண்ணிவெடி புதைப்பது. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் ஜம்முவிலும் எல்லையோர விவசாயிகளின் நிலத்தில், சில இடங்களில் பயிர் நிற்கும்போதே, புதைத்தோம். வைப்பது ஒரு வேலை என்றால் எடுப்பது வேறு வேலை. வைக்கும்போது ஒவ்வொரு வரிசையையும் வரைபடத்தில் குறிப்போம். ஆனால் மணல் நகரும். மழை பெய்தால் வெடி மண்ணோடு தள்ளிப் போகும். அடையாளத்துக்கு எழுதி வைத்த வரப்பே காணாமல் போயிருக்கும். அப்புறம் ஊசிக்கம்பியால் மண்ணை விரல் அகலத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். என் குழுவில் இருந்த ஒரு நாயக் அப்படி எடுக்கும்போதுதான் வலது பாதத்தை இழந்தார். போரே நடக்காத காலத்தில் இழந்தார். பராக்ரம் காலத்தில் 798 வீரர்களை இழந்தோம் என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். நேருக்கு நேர் நடந்த கார்கில் போரில் நாம் இழந்தது 527 பேர். இந்த இரண்டு எண்களையும் உங்கள் கட்டுரையாளர் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, படை எங்கேயுமே பலன் தரவில்லையா? தந்திருக்கிறது. 1976 ஜூலையில் உகாண்டாவின் என்டபே விமான நிலையத்தில் பிணைக்கைதிகளாக இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இஸ்ரேலியப் படை ஒரே இரவில் மீட்டது. அடுத்த ஆண்டு சோமாலியாவின் மொகதிஷுவில், கடத்தப்பட்ட ஜெர்மன் விமானத்தின் பயணிகளை ஜெர்மனியின் சிறப்புப் படை மீட்டது. ஆட்களை உயிரோடு வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். முடிந்ததா இல்லையா என்பது விடிவதற்குள் தெரிந்துவிட்டது.

2001 இலையுதிர் காலத்தில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா செய்ததையும் நான் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்களுக்கு அங்கே பயிற்சி முகாம்கள் இருந்தன, அடைக்கலம் கொடுத்த அரசு இருந்தது. ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டார்கள், தாலிபான் மறுத்தது. அக்டோபர் 7 அன்று குண்டுவீச்சு தொடங்கியது, நவம்பர் 13 அன்று காபூல் விழுந்தது, முகாம்கள் போயின. டிசம்பரில் தோரா போரா மலைகளிலிருந்து பின் லேடன் தப்பித்தது பெரிய தோல்விதான். ஆனாலும் அதுவரை நடந்ததை ஒரு சிப்பாயால் புரிந்துகொள்ள முடியும். இடம் தெரியும், ஆட்கள் யார் என்று தெரியும், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. நோக்கம் மாறிக்கொண்டே போனது. தாலிபான் திரும்பி வரக் கூடாது, புதிய அரசு நிற்க வேண்டும், அபினி சாகுபடி ஒழிய வேண்டும், ஊழல் குறைய வேண்டும், பெண் குழந்தைகள் படிக்க வேண்டும். பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போனதை நான் மனதார வரவேற்றவன். அவர்கள் இன்று வீட்டுக்குள் அடைக்கப்பட்டிருப்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. ஆனால் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு பட்டாலியன் அந்த வேலையை முடித்துவிட்டோம் என்று எந்தத் தேதியில் அறிக்கை கொடுக்க முடியும்? பின் லேடன் 2011 மே 2 அன்று கிடைத்தது பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில். அவனுக்குக் கடிதம் கொண்டுபோன ஆளைப் பல ஆண்டுகள் உளவுத்துறை பொறுமையாகத் தேடியதால் கிடைத்தான். அதன் பிறகும் படை பத்து ஆண்டு அங்கே இருந்தது. 2020-ல் தோஹாவில் அதே தாலிபானோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று அதே தாலிபான் காபூலுக்குள் வந்தது. அப்புறம் பாருங்கள், பின் லேடனுக்கு அடுத்து அல் கொய்தாவின் தலைவனாக வந்த ஜவாஹிரி 2022 ஜூலை 31 அன்று காபூலில் ஒரு வீட்டு பால்கனியில் நின்றிருந்தபோது ஏவுகணையால் கொல்லப்பட்டான். அப்போது ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை இல்லை. இருபது ஆண்டுப் படையிருப்பு எதற்கு என்று, அங்கே பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் அனுமதி கொடுத்தது, 2001 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு தீர்மானம். அதன் சாரம் ஆங்கிலத்தில் அறுபதே சொற்கள். எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை, முடியும் தேதியும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தார்கள், பார்பரா லீ என்ற ஒரே ஒரு உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார். கொலை மிரட்டல் வந்து அவருக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு தீர்மானத்தைக் காட்டித்தான் பிறகு ஏமன், சோமாலியா என்று பல நாடுகளில் தாக்குதல் நடந்தது. பார்பரா லீ கேட்டதும் என் கேள்வியைப் போன்றதுதான். எங்கே, யார் மேல், எதுவரை என்பது அந்தக் காகிதத்தில் இல்லையே என்றுதான் அவர் கேட்டார்.

உங்கள் கட்டுரையாளர் லிபியாவை உதாரணமாகக் காட்டியிருந்தார். 1986-ல் அமெரிக்க அதிபர் ரீகன் குண்டு போட்டார், லிபியாவை ஆண்ட கடாஃபி அடங்கினார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நடந்தது அப்படி இல்லை. 1986 ஏப்ரல் 5 அன்று மேற்கு பெர்லினில் அமெரிக்க வீரர்கள் வழக்கமாக வரும் ஒரு நடன விடுதியில் குண்டு வெடித்தது. லிபியாதான் காரணம் என்று பத்தே நாட்களில் திரிபோலி, பெங்காசி நகரங்கள் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. பிரான்ஸ் தன் வான்வழியைக் கூடத் தரவில்லை. அன்று கடாஃபி தப்பித்தார், சில காலம் சத்தம் குறைந்தது. ஆனால் 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர். அடுத்த ஆண்டு ஒரு பிரெஞ்சு விமானம் நைஜர் பாலைவனத்துக்கு மேலே வெடித்தது, 170 பேர். அடி வாங்கியவன் அடங்கியதற்கு இதுவா அடையாளம்?

லாக்கர்பிக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மறுபடியும் குண்டு போடவில்லை. ஸ்காட்லாந்துக் காவல்துறையினர் வயல்களிலும் காடுகளிலும் சிதறிக் கிடந்த விமானத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். நகம் அளவே இருந்த ஒரு மின்சுற்றுத் துண்டை வைத்து வெடிகுண்டின் கடிகாரம் எங்கே தயாரானது என்று தேடிப் போனார்கள். 1992-ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் லிபியா மேல் தடை விதித்தது. விமானம் போகவில்லை, ஆயுதம் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு எண்ணெய்த் தொழிலுக்கான உதிரிபாகங்களும் நின்றன. ஏழு ஆண்டுக்குப் பிறகு, 1999 ஏப்ரலில், குற்றம் சாட்டப்பட்ட தன் ஆட்கள் இருவரையும் கடாஃபி ஒப்படைத்தார். நெதர்லாந்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி நீதிமன்றம் கூடியது. ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவர் விடுதலை. அந்தத் தீர்ப்பு சரியா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் 2003-ல் லிபியா தன் அதிகாரிகளின் செயலுக்குப் பொறுப்பேற்று இழப்பீடு கொடுத்தது, அந்த டிசம்பரில் பேரழிவு ஆயுதத் திட்டத்தையும் கைவிட்டது. ஈராக் போரைப் பார்த்துப் பயந்துதான் கைவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் லாக்கர்பி ஆட்களை ஒப்படைத்தது அந்தப் போருக்கு நான்கு ஆண்டு முன்னால். அதற்குக் காரணம் தடையும் வழக்கும் பேச்சுவார்த்தையும்தான். விடாமல் துரத்தினார்கள், கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்திருந்தார்கள். என்ன செய்தால் தடை நீங்கும் என்று கடாஃபிக்குத் தெரிந்திருந்தது. எதிராளிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தகவல் சரியில்லாமல் அடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் இறந்தார்கள். பதின்மூன்றாம் நாள் அமெரிக்கா ஏவுகணைகளை வீசியது. சில ஆப்கன் முகாம்கள் மேல், சில சூடானின் கார்ட்டூமில் அல் ஷிஃபா என்ற தொழிற்சாலை மேல். ரசாயன ஆயுதம் செய்கிறார்கள் என்றார்கள். அது மருந்துத் தொழிற்சாலை. ரசாயன ஆயுதத்துக்கான ஆதாரம் கடைசி வரை நிற்கவில்லை. முடக்கி வைத்த உரிமையாளரின் வங்கிக் கணக்கை மறு ஆண்டே அமெரிக்காவே விடுவித்தது. பின் லேடன் முகாமில் இல்லை. ஏவுகணைக்குத் தப்பியவன் என்று அவன் பெயர் இன்னும் பெரிதானது. அதே தூதரக வழக்கில் நான்கு பேரைப் பிடித்து, நியூயார்க்கில் விசாரித்து, ஆயுள் சிறை கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு காரில் வெடிகுண்டு இருக்கிறது என்று நினைத்து ட்ரோனால் அடித்தார்கள். காரை ஓட்டியவர் ஒரு தொண்டு நிறுவன ஊழியர். பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். மூன்று வாரம் கழித்து, தவறு நடந்துவிட்டது என்றார்கள்.

ஈராக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் ஒரு சிப்பாயாகச் சொல்கிறேன். 2003 மே 23 அன்று அமெரிக்க நிர்வாகம் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. ஆயுதம் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் சம்பளமும் மரியாதையும் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். சீருடையைக் கழற்றச் சொல்லி அவமானப்படுத்தினால் ஒரு ராணுவக்காரனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் ஐ.எஸ். என்ற 'இஸ்லாமிய அரசு' பயங்கரவாத அமைப்பின் படைத் தளபதிகளில் பலர் அந்தப் பழைய ராணுவத்தின் அதிகாரிகள். 2014 ஜூனில் அவர்கள் மொசூலைப் பிடித்தார்கள்.

அந்த ஐ.எஸ். அமைப்பைப் படைதான் நொறுக்கியது, அதையும் மறைக்கவில்லை. அவர்களிடம் நிலம் இருந்தது, வரி வசூல் இருந்தது, யாஜிதி என்ற சிறுபான்மை இனப் பெண்களை விற்கும் சந்தை இருந்தது. அதைக் காவல்துறையால் முடித்திருக்க முடியாது. மொசூலை மீட்க ஒன்பது மாதம் வீடு வீடாகப் போராடினார்கள். 2019 மார்ச் 23 அன்று சிரியாவின் பாகூஸ் கிராமத்தில் அவர்களின் கடைசித் துண்டு நிலமும் போனது. ஐ.எஸ். முடிந்தது என்று அறிவித்தார்கள். நான்கே வாரத்தில், ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு. தேவாலயங்களில் பிரார்த்தனையில் இருந்தவர்கள், விடுதிகளில் காலை உணவுக்கு உட்கார்ந்தவர்கள் என்று இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஐ.எஸ். பெயரில் உறுதிமொழி எடுத்தவர்கள். பாகூஸில் விழுந்த எந்தக் குண்டும் அவர்களைத் தொடவில்லை.

ஆனால் அதைத் தடுத்திருக்கலாம். ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பியது, யார் செய்யப் போகிறார்கள் என்ற விவரத்தோடு. கொழும்பில் அது மேசைக்கு மேசை போனது, செயலுக்கு வரவில்லை. அதிபருக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத நேரம் அது. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேனவும் காவல், உளவுத்துறை உயர் அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு கட்ட உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். தாக்குதல் நடந்தால் பக்கத்து நாட்டைக் கை காட்டுவதற்கு முன், வந்த எச்சரிக்கையை யார் படிக்காமல் விட்டார்கள் என்று கேட்கும் நீதிமன்றம் எல்லா நாட்டுக்கும் வேண்டும்.

2008-ல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு எடுத்தது. அது அந்நாட்டு ராணுவத்துக்கே ஆய்வு செய்து கொடுக்கும் நிறுவனம், போர் எதிர்ப்பாளர்களின் கூடாரம் கிடையாது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 பயங்கரவாதக் குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் முடிவுக்கு வந்தவை எப்படி முடிந்தன என்று பிரித்தால், 43 சதவீதம் அரசியல் வழிக்கு வந்து முடிந்தன, 40 சதவீதத்தைக் காவல்துறையும் உளவுத்துறையும் முடித்தன. ராணுவம் முடித்தது 7 சதவீதம். குழுக்கள் தாங்கள் கேட்டதைப் பெற்று முடிந்தது 10 சதவீதம். ராணுவத்தால் முடிந்ததை விட அவர்கள் ஜெயித்தது அதிகம். என் வாழ்நாளைக் கொடுத்த படையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. படைக்குப் பொருந்தாத வேலையைக் கொடுத்துவிட்டு, முடியவில்லையே என்று கேட்பது படைக்குச் செய்யும் அநீதி.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 2016-ல் உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு நம் வீரர்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போய் அடித்துவிட்டுத் திரும்பினார்கள். திறமையான வேலை. 2019-ல் புல்வாமாவில் 40 மத்திய ரிசர்வ் காவல் படையினர் இறந்த பிறகு விமானப்படை பாகிஸ்தானின் பாலாகோட் வரை போனது. மறுநாள் வான் சண்டை, நம் விமானி ஒருவர் பிடிபட்டார். அந்தப் பரபரப்பில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரைப் பட்காமில் வீழ்த்தியது, ஆறு விமானப்படையினரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அன்று ஒன்பது இடங்களைத் தாக்கினோம், அவற்றில் சில பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்துக்கு உள்ளேயே. நான்கு நாள் ட்ரோனும் ஏவுகணையும் பறந்தன, இரண்டு பக்கமும் எல்லையோர மக்கள் செத்தார்கள், விமானத் தளங்கள் அடி வாங்கின, மே 10 அன்று நின்றது. ஒவ்வொரு முறையும் முந்தைய முறையை விட ஒரு படி மேலே. அடுத்த தாக்குதல் நடந்தால் பழைய படிக்குக் கீழே இறங்கி நிற்க எந்தப் பிரதமராலும் முடியாது, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும். இரண்டு பக்கமும் அணு ஆயுதம் உள்ள இடத்தில் மேலே எத்தனை படி மிச்சம் என்பதைக் கட்டுரையாளர் யோசித்தாரா? பஹல்காமில் நேரடியாகச் சுட்ட மூன்று பேரைக் கொன்றது ஜூலை 28 அன்று, ஸ்ரீநகருக்குப் பக்கத்துக் காட்டில். ராணுவமும் காவல்துறையும் மத்தியப் படையும் சேர்ந்து மாதக்கணக்கில் தடம் பார்த்து முடித்தார்கள். அதைச் செய்த பிள்ளைகளுக்கு என் வணக்கம்.

2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் இறந்தபோது அடிக்காமல் விட்டது கோழைத்தனம் என்று கட்டுரை சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அன்றைக்கு துக்காராம் ஓம்ப்ளே என்ற காவல் உதவி சப்-இன்ஸ்பெக்டர், கையில் லத்தி மட்டும் வைத்துக்கொண்டு, தாக்கியவர்களில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்து அத்தனை குண்டுகளையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். அதனால்தான் கசாப் உயிரோடு கிடைத்தான். எங்கிருந்து வந்தார்கள், யார் பயிற்சி கொடுத்தது என்பது உலகத்துக்கு முன்னால் நீதிமன்றத்தில் பதிவானது. தாக்குதலுக்காக மும்பையை வேவு பார்த்த ஹெட்லிக்கு அமெரிக்காவில் 35 ஆண்டு சிறை. அவனுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ராணாவை 2025-ல் இங்கே கொண்டுவந்தோம். சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2018 முதல் 2022 வரை பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியல் என்ற கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்த நெருக்கடியில்தான் லஷ்கர் தலைவன் ஹஃபீஸ் சயீத்துக்கு அந்நாட்டு நீதிமன்றமே பயங்கரவாத நிதி வழக்கில் தண்டனை கொடுத்தது. மும்பைக்கான நீதி இன்னும் முழுமையாக வரவில்லை, அது எனக்கும் ஆறாத வேதனை. ஆனால் இதைக் கோழைத்தனம் என்று சொல்ல ஓம்ப்ளேயின் பெயரைத் தெரிந்த யாருக்கும் வாய் வரக் கூடாது.

அப்படியானால் அடி வாங்கிக்கொண்டே இருப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாக்குதலுக்கு விலை இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விலையைப் பணத்திலும் பயணத்திலும் வர்த்தகத்திலும் வாங்கலாம், சில நேரம் குண்டிலும் வாங்க வேண்டியிருக்கும். குண்டில் வாங்கினால் எந்த இலக்கு, எந்த ஆதாரம், எதிராளி என்ன செய்தால் நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும் என்கிறேன். இல்லையென்றால் எல்லோரும் இதே காரணத்தைச் சொல்லி எல்லோரையும் அடிப்பார்கள். 2024 ஜனவரி 16 அன்று ஈரான் பாகிஸ்தானுக்குள் அடித்தது, பயங்கரவாதிகளை அடித்தோம் என்றது. இரண்டே நாளில் பாகிஸ்தான் ஈரானுக்குள் அடித்தது, அதே வார்த்தையைச் சொன்னது. இரண்டு அடியிலும் குழந்தைகள் இறந்தார்கள். ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவில் உள்ள தற்காப்பு உரிமையை ஆளாளுக்கு நீட்டிக்கொண்டே போனால் நாளைக்கு நமக்கு எதிராகவும் அதை யாராவது காட்டுவார்கள்.

ஜெர்மனியில் 2005 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆயுதப்படையை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். அதற்கு அரசு கொடுக்கும் விண்ணப்பத்தில் என்ன வேலை, எந்தப் பகுதி, எந்தச் சட்ட அடிப்படை, அதிகபட்சம் எத்தனை வீரர்கள், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று எழுத வேண்டும். காலம் முடிந்தால் மறுபடி வந்து கேட்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் முதலில் செயல்பட்டுவிட்டு உடனே ஒப்புதல் கேட்கலாம். ராணுவ ரகசியம் கெட்டுப்போகும் என்ற வாதத்துக்கு அதிலேயே பதில் இருக்கிறது. நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லை. இருக்க வேண்டும். தாக்குதலுக்கு முன்னால் முடியாவிட்டாலும், முடிந்த முப்பது நாளுக்குள்ளாவது நோக்கம் என்ன, நிறைவேறியதா என்று அரசு நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்க வேண்டும்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். தாக்குதல் நடந்த மறுநாள் முதல் பக்கத்தில் வரைபடமும் ஏவுகணைப் படமும் போடுகிறீர்கள், போடுங்கள். அதோடு, அரசு அன்றைக்குச் சொன்ன நோக்கத்தை அப்படியே ஒரு பெட்டியில் அச்சிடுங்கள். நோக்கம் எதுவும் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்று அச்சிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பெட்டியை மறுபடி போட்டு, கீழே என்ன நடந்திருக்கிறது என்று உங்கள் செய்தியாளரை எழுதச் சொல்லுங்கள். எல்லையோரக் கிராமங்களுக்கும் ஒருவரை அனுப்புங்கள். பராக்ரம் காலத்தில் வெடி புதைத்த நிலங்கள் விவசாயிகளுக்கு எப்போது திரும்பக் கிடைத்தன என்று அவர் கேட்டு எழுதினால், படிக்க நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார்,
ராணுவப் பொறியாளர் பிரிவு